இருநூறு சாமந்தி

“இருநூறு சாமந்தியும் நமக்கே குடுத்துடு யக்கா. அந்த சிமெண்ட் கொக்கும் வேணும்,” என்றார் கெமிக்கல் கம்பெனி மேனேஜர் சசிகுமார்.

கும்மிடிப்பூண்டியில் நர்சரி வைத்திருக்கும் செங்கம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“இன்னா சார் விசேஷம்?”

“பெரிய ஆபீசர் வராரு. நீயே வந்து நட்டுக் குடு யக்கா.”

எல்லாம் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி ஊற்றி வளர்த்த செடிகள். கம்பெனி வாசலில் அவளே வரிசையாக நட்டாள். கொக்கைத் துடைத்து நிறுத்தும்போது ஆபீசர் வந்து இறங்கினார்.

“எல்லாமே இங்கத்த போர் தண்ணியில வளந்தது சார்,” என்று கூசாமல் சொன்னார் சசிகுமார்.

“இப்படிப் பூத்துக் குலுங்குது! இந்த ஏரியா தண்ணி கெட்டுப்போச்சுன்னு மனு போட்டிருக்காங்களே?” ஆபீசர் மனுவின் மேல் ‘தள்ளுபடி’ என்று எழுதிவிட்டு, கீழே இருந்த பெயரைப் படித்தார். “யாருய்யா இந்தச் செங்கம்மாள்?”

“தெரியலையே சார்,” என்றார் சசிகுமார், அவளைப் பார்த்துக்கொண்டே.