ஒரு நாள் ஏலம்

சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை நடத்தும் மகேஷ்குமார், தன் பழைய கேமராவை இன்டர்நெட் ஏலத்தில் விற்க ஆசைப்பட்டான். கிழக்கேகோட்டை பிரௌசிங் சென்டரில் வேலை பார்க்கும் சுஜா, படமெல்லாம் சேர்த்து ஏலத்தில் போட்டுக் கொடுத்தாள்.

“எத்தனை நாள் இருக்கும்?”

“ஒரு நாள்தான். விலை போகலன்னா நாளைக்கு வந்து திரும்பப் போடணும்.”

அவனும் தினம் மதியம் வந்தான். கேமராவை யாரும் கேட்கவில்லை. ஐந்து நிமிட வேலை, பேச்சும் சிரிப்புமாக ஒரு மணி நேரமாக வளர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் சுஜா லீவு. அவள் இடத்தில் சென்டரின் இன்னொரு பையன் சுதீஷ் இருந்தான்.

“சேட்டா, எத்தனை நாளைக்குப் போடணும்? ஒண்ணா, மூணா, ஏழா, பத்தா?”

“பத்து நாளைக்குக்கூடப் போடலாமா?”

“எப்பவும் போடலாமே! சுஜா சேச்சி சொல்லலியா?”

மகேஷ் எதையும் போடாமல் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் அவனைக் கண்டதும் சுஜா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

“பத்து நாள் போடலாம்னு சுதீஷ் சொன்னான்.”

அவள் முகம் சட்டென்று வாடியது.

“தப்புதான். பத்து நாள் போட்டா, பத்து நாளைக்கு நீங்க இந்தப் பக்கம் வரமாட்டீங்களேன்னுதான்... இப்பவே பத்து நாளா மாத்திடறேன்.”

“மாத்தாண்டாம். ஒரு நாளே போடுங்க” என்று சிரித்தபடி உட்கார்ந்தான் மகேஷ். “நாளைக்கு வரும்போது எங்க அம்மையையும் கூட்டிட்டு வாறேன்.”