மாடி பஸ்ஸும் பஞ்சநதத்தின் மோட்டாரும்

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் இந்தப் போகம் என் வயலில் பதர்தான் விளையட்டும்.

நன்னிலம் சாலையில் அந்த மாடி பஸ் நின்றதுதான் தாமதம், கால் சேறு சொட்டச் சொட்ட மேல்தளத்துக்கே ஏறிவிட்டார் பஞ்சநதம். கூரையில்லாத தளம். குறுக்கே தொய்ந்து கிடந்த மின்கம்பியை, வைக்கோல் லாரிக்காரர்களைப் போலக் கவட்டை மூங்கிலால் தூக்கிப் பிடித்திருந்தார் கண்டக்டர் இராஜாங்கம்.

பஞ்சநதம் எட்டி அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். மூங்கிலோடு கீழே குதித்த இராஜாங்கம் அப்புறம் மேலே ஏறவே இல்லை.

"இப்ப ஓட்டு பாப்பம்! ஒண்ணு கம்பி அறும், இல்ல நான் அறுவேன்!"

தேரோட்டத்தன்று லைன்மேன் மின்சாரத்தை நிறுத்துவது ஊர் வழக்கம். தஞ்சாவூரிலிருந்து தரங்கம்பாடிக்கு ஊர் பார்க்க ஆள் ஏற்றிப் போகும் இந்த பஸ்ஸும் தேர் உயரம், தினமும் வந்தது. கரண்ட் திடீரென்று போய்த் திரும்பினால் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் காயில் கருகிவிடும் என்று, தென்னைகளுக்கு மேலே அதன் தலை தெரிந்ததுமே ஓடிப்போய் மோட்டாரை அணைத்துவிடுவார் பஞ்சநதம். பம்புசெட்டுக்குக் கரண்ட் வருவதே அந்த நேரத்தில்தான். தண்ணீர் காணாமல் அவருடைய குறுவை மஞ்சளடித்துக் கிடந்தது.

இன்று பொறுமை போய்விட்டது. கரண்ட் இல்லாத கம்பிக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் என்ன வித்தியாசம்?

எதிரே மாவு மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பஸ்ஸின் வழிகாட்டி ராம்கி தொண்டை கிழியக் கத்தினான்.

"யோவ் பெரியவரே, விடுய்யா! டிக்கெட் எடுத்து வந்திருக்காங்க!"

"எதப் பாக்க?"

"பச்ச வயலப் பாக்க!"

"என்னுது மஞ்சளாயிருச்சு, அதையும் காட்டு! எல்லாம் உன் பஸ்ஸு பாத்த பார்வைடா!"

பின் சீட்டு அம்மாள் ஒருத்தி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். "தம்பி, இதுவும் டூர்ல சேர்த்திதானா?"

"சேர்த்திதாம்மா! நல்லா படம் புடி. என் பயிரு செத்ததும் கருமாதிக்கும் வா."

"போலீஸக் கூப்புடுவேன்" என்றான் ராம்கி.

"கூப்புடு. அவங்களையும் மாடியில ஏத்தி ஊரச் சுத்திக் காட்டு!"

ராம்கி கையை ஓங்கிக்கொண்டு நெருங்கினான்.

"கிட்ட வந்தே, கடிச்சு வெச்சிருவேன்!"

கடித்தாலும் கடிப்பார் என்று தோன்றியதோ என்னவோ, அவன் பின்வாங்கி முதலாளி ஷஹ்பாஸுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அவர் குரல் எரிந்து விழுந்தது.

"நாளையிலேர்ந்து கும்பகோணம் வழியாப் போய்த் தொலைங்க! அந்த ஊரு மூஞ்சியிலயே இனிமே முழிக்க வேணாம்!"

அந்த நேரம் பார்த்து லைன்மேன் அப்துல் அஜீஸ் மொபெட்டில் வந்து சேர்ந்தார். தேரில் அமர்ந்த சாமியைப் போல, பிடித்த கம்பியை விடாமல் கீழே பார்த்தார் பஞ்சநதம்.

"அஜீஸ் பாய்! பஸ்ஸுக்காகக் கரண்ட்ட நிறுத்துற வேலை உங்களுக்கு இன்னையோட ஒழிஞ்சுது. போய்ப் போட்டு விடுங்க!"

அப்துல் அஜீஸ் அண்ணாந்து கம்பியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த ஈரக் கைகளைப் பார்த்தார். மொபெட் தானாகச் சாய்ந்து விழுந்தது.

"அண்ணே... தேருக்குத்தாண்ணே நிறுத்துவேன், பஸ்ஸுக்கு ஒருநாளும் நிறுத்துனதில்லியே!"