அந்த ஆளா? வேணவே வேணாம்!

டமார்!

ஸ்பிரிங்வெளி மேட்டுல இருந்த அத்தனை காக்காயும் ஒண்ணா கெளம்பிருச்சு.

லூசியா தேத்தண்ணி கோப்பையோட ஓடிவந்து பார்த்தா, புது வீட்டுல சமைக்கிறதுக்குக் கட்டுன குசினிக்கு மேல சிலாப்பைக் காணோம். வானம்தான் தெரியுது! கொங்கிரீட் போட்டு அஞ்சே நாள். கீழ தாங்கிப் புடிச்சிருந்த மரங்களை எடுத்ததும் அப்படியே தரையில உட்கார்ந்துருச்சு.

நல்லவேளை, உள்ள யாரும் இல்லை. ஒரு சேவல் மட்டும் தூசிக்குள்ள இருந்து வெள்ளைவெளேர்னு வெளிய வந்து தும்முச்சு.

"மேடம், அது வந்து... குளிருக்கு சரியா காயல போல"ன்னான் கொன்ட்ராக்டர் ரஜீவ்.

அடுத்த நிமிஷம் அவன் மோட்டர்சைக்கிளும் இல்லை, அவனும் இல்லை.

லூசியாவோட புருஷன் ஜீவராஜ் தலையில கை வச்சுட்டான். நாலு வருஷமா தேயிலைத் தோட்டத்து லயத்துல, மாமியாரோட ஒத்தை ரூம் காம்பராவுல ஆறு பேரு. இந்த நத்தாருக்கு இயேசு பாலன் குடிலு சொந்த வீட்டுலதான்னு புள்ளைகளுக்கு லூசியா சத்தியமே பண்ணிக் குடுத்திருக்கா. இருக்கிறது ஏழே வாரம்!

"இவனைப் புடிச்சது யாரு?"

"நான்தான்! விசிட்டிங் கார்டு நீட்டுனான், மேடம்னு கூப்பிட்டான், மயங்கிட்டேன். போதுமா?"

"ஹாலிஎல மேசன் ஹுமைத் பாஸைக் கூப்பிடுவோம்னு மொதல்லயே சொன்னேன்ல?"

"நானா வேணாம்னேன்? ஊரே வேணாம்னுச்சுங்க!"

அது உண்மைதான். மேசன் வேலைக்கு ஹுமைத் பாஸ் எப்படின்னு அவ ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சிருந்தா.

"ஐயோ, அந்த ஆளா? வேணவே வேணாம்! ஒரு கம்பியை மூணு தடவை அளப்பாரு. நம்ம உசுரு போயிரும்"ன்னாங்க பக்கத்து வீட்டு ஜெசிந்தினி அக்கா.

"மணல்ல கொஞ்சூண்டு மண்ணு கலந்திருந்துச்சுன்னு லொறியவே திருப்பி அனுப்புன ஆளும்மா. பக்கமே போயிராத!"ன்னாரு கோயில்ல பாட்டுப் பாடுற இராயப்பன் அண்ணன்.

சரி, அழுறதுக்காவது ஒரு தோள் வேணும்னு ஜெசிந்தினி அக்கா வீட்டுக்கு ஓடுனா லூசியா. முன்கதவு சாத்தியிருந்துச்சு. பின்பக்கம் சுத்திப் போனா, அங்க ஒரு ஆளு குனிஞ்சு ஒரு கம்பியை அளந்துகிட்டு இருக்காரு. அளந்தாரு. திரும்பவும் அளந்தாரு. மூணாவது தடவையும் அளந்தாரு!

"அக்கா! இது யாரு?"

ஜெசிந்தினி அக்கா முழிச்ச முழி இருக்கே!

"வேணாம்னு சொன்னீங்களே!"

"உனக்கு வேணாம்னுதான்டி சொன்னேன். எனக்கு வேணாம்னா சொன்னேன்? நீ கூட்டிட்டுப் போயிட்டா என் பின்சுவரை யாரு முடிக்கிறது? அடுத்தது நான்தான்னு இராயப்பன் அண்ணன் வேற காத்துகிட்டு இருக்காரு."

"அடிப்பாவிங்களா! ஞாயித்துக்கிழமை ஆனா முன்வரிசையில முட்டி போடுறீங்க! ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தா என் சிலாப்பு விழுந்திருக்குமா? நானா இருந்தா இப்படிச் செய்வேனா? செத்தாலும் செய்ய மாட்டேன்!"

லூசியா வச்ச பிரசங்கம் கீழ றோட்டுல பஸ்ஸுக்கு நின்னவங்களுக்கே கேட்டுச்சு.

ஹுமைத் பாஸ் டேப்பைச் சுருட்டி சட்டைப்பையில போட்டுகிட்டு லூசியா வீட்டுக்கு வந்து, உடைஞ்சு கெடந்த சிலாப்பைப் பார்த்தாரு. ஒரு துண்டை எடுத்து விரலால நசுக்குனாரு. பிஸ்கட் மாதிரி உதிர்ந்துச்சு.

"வெள்ளியோட இங்க முடியுது. சனி வாறேன் தங்கச்சி. இராயப்பன் அண்ணன் பொறுக்கட்டும், அவருக்குக் கூரை இருக்கு. ஆனா ஒண்ணு. கொங்கிரீட் போட்டா இருபத்தொரு நாளைக்கு கீழ உள்ள மரத்துல கை வைக்கப்படாது. நத்தாருக்கு உங்களை உள்ள விடுறது என்ட பொறுப்பு."

லூசியாவுக்குக் காலு தரையிலயே நிக்கல!

சொன்ன மாதிரி சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்து நின்னாரு. மணல் லொறி ஒண்ணு திரும்பிப் போச்சு. லூசியா கை தட்டி வழியனுப்பி வச்சா. கொங்கிரீட் போட்ட அன்னைக்கு கலவைத் தாச்சி கைமாத்த லயமே தெரண்டு வந்துச்சு. ஜெசிந்தினி அக்கா கூட முக்காடு போட்டுகிட்டு வரிசையில நின்னு தாச்சி வாங்குனாங்க. சிலாப்பு பாறை மாதிரி நின்னுச்சு.

நத்தாருக்கு மூணு வாரம் இருக்கிறப்போ ஃபாதர்கிட்ட இருந்து போன்.

"மகளே, கோயில் படிக்கட்டு ஒடைஞ்சு கெடக்கு. உங்க வீட்டுல வேலை செய்யுறாரே ஹுமைத் பாஸ், ஆளு எப்படி?"

லூசியா அண்ணாந்து பார்த்தா. பாஸ் சிலாப்புக்குத் தண்ணி ஊத்திகிட்டு இருந்தாரு. சுவர் பூச்சு பாக்கி. தரை பாக்கி. கோயில் வேலைன்னு கூப்பிட்டா யாரு மாட்டேன்னு சொல்லுவா? நாளைக்கே போயிருவாரே!

குசினி மூலைக்குப் போயி குரலைத் தாழ்த்துனா.

"ஐயோ ஃபாதர், அந்த ஆளா? ஆமை மாதிரி வேலை. குடுத்த வாக்குல நிக்கவே மாட்டாரு. நீங்க வேற யாரையாவது பாருங்க."



"அப்படியா மகளே? நேத்து நானே அவரைக் கூப்பிட்டேன். லூசியா தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன், அவங்க நத்தாருக்கு வீட்டுக்குள்ள போற வரைக்கும் கோயில் வேலைக்கும் வரமாட்டேன் ஃபாதர்னு சொல்லிட்டாரு. இப்படியும் ஒரு மனுஷனான்னு கேக்கத்தான் உனக்கு எடுத்தேன்."

லூசியா போனைக் காதுல வச்சபடியே முந்தானையால மூஞ்சியை மூடிகிட்டா.

"சரி, ஞாயித்துக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு கொஞ்சம் வெள்ளனவே வந்துரு. ஜெசிந்தினியையும் இராயப்பனையும் அவரைப் பத்திக் கேட்டேன். அவங்களும் இதே பொய்யோட வரிசையில நிப்பாங்க."

சிரிக்காதீங்க! ஒரு நல்ல பாஸோட நம்பரை யாராவது கேட்டப்போ, உங்களுக்கும் திடீர்னு குரல் தாழ்ந்து போயிருக்கா இல்லையா?