பதிவு தேதி

"எந்தத் தேதியை வச்சு எண்ணினாலும் கூட்டினா ஒன்பதுதானே? அப்புறம் எதுக்காம் மூணு கணக்கு?" என்றார் சுகாதார ஆய்வாளர் நெடுஞ்செழியன்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த வானதி மூன்று கணக்கையும் திரையில் திறந்தாள்.

ஆலங்கரை கிராமம். டெங்கு. மாதவாரிக் கணக்கு.

காய்ச்சல் தொடங்கிய தேதியை வைத்து எண்ணினால் அக்டோபரில் ஒன்பது பேர். ரத்தம் எடுத்த தேதியை வைத்தால் ஏழு. மீதி இரண்டு நவம்பருக்குத் தாவிவிடும். கம்ப்யூட்டரில் ஏற்றிய தேதியை வைத்தால் அக்டோபரில் நான்கே நான்கு, நவம்பரில் ஐந்து.

ஆட்கள் அதே ஒன்பது பேர். மாதம்தான் மாறியது.

ஒரே ஊரில் ஒரே மாதத்தில் எண்ணிக்கை ஏழைத் தொட்டால் மாவட்டத்திலிருந்து ஆட்கள் இறங்குவார்கள். வீடு வீடாகத் தொட்டியைக் கவிழ்ப்பார்கள், புகை அடிப்பார்கள், காய்ச்சல் முகாம் போடுவார்கள். இத்தனை நாள் என்ன கிழித்தீர் என்று நெடுஞ்செழியனையும் ஒரு பிடி பிடிப்பார்கள்.

போன மாதம் மூன்றாம் தேதி, அக்டோபர் கணக்கு அனுப்பவேண்டிய நாளில், அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வழி காட்டியவள் வானதிதான். தீபாவளி லீவில் தேங்கிப்போன ஐந்து படிவங்களை அன்று காலையில்தான் அவள் ஏற்றி முடித்திருந்தாள்.

"பதிவு தேதியைப் போட்டா நாலுதான் சார் வருது."

"நீ கலெக்டராவே போகலாம்மா" என்றார் அவர். அன்று எல்லாருக்கும் டீயும் போண்டாவும் அவர் செலவு. வானதி தன் போண்டாவைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

ஆலங்கரைக்கு யாரும் வரவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. கொல்லைகளில் டிரம்மும் உடைந்த தொட்டியும் நிறைந்தபடியே கிடந்தன.

இப்போது மாவட்டத்தில் யாருக்கோ சந்தேகம். மூன்று தேதியிலும் எண்ணி அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

"பதிவு தேதிக் கணக்கை மட்டும் அனுப்பிடு. மத்த ரெண்டும் சிஸ்டத்துல வரலைன்னு எழுதிக்கலாம்."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பதினாறு நாள் விடுப்பு முடிந்து அவள் அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

பிறகு ஒரு படிவத்தைக் குப்புறப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது ஒண்ணு நின்னுபோச்சும்மா. பாஸ்வேர்டு உனக்குத்தானே தெரியும். நீ வரட்டும்னு வச்சிருந்தோம்."

சொல்லிவிட்டு வாசல்பக்கம் போய் நின்றுகொண்டார்.

வானதி படிவத்தைத் திருப்பினாள். நர்ஸ் ஷோபனாவின் கையெழுத்து.

ஆலங்கரை. ஆண். வயது ஐந்து. காய்ச்சல் தொடங்கியது நவம்பர் பதினொன்று. ரத்தம் எடுத்தது பதினான்கு. முடிவு என்ற கட்டத்தில் 'இறப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

போன் நம்பரைப் படிவத்தைப் பார்க்காமலே அடித்தாள்.

மூன்றாவது தேதியை மெஷினே போட்டுக்கொண்டது. டிசம்பர் ஐந்து.

'சேமி' என்பதை அழுத்தினாள்.

சாப்பாட்டுப் பைக்குள் அவள் போன் ஒருமுறை ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள்.

'உங்கள் குழந்தை தமிழரசனின் விவரம் பதிவு செய்யப்பட்டது. நலமுடன் இருங்கள்.'

வாசலில் இருந்தபடியே நெடுஞ்செழியன் கேட்டார். "டிசம்பர்லதானே விழுந்துச்சு?"

"ஆமா சார்."

அவர் பெருமூச்சு விட்டது உள்ளே வரைக்கும் கேட்டது.

வானதி காய்ச்சல் தொடங்கிய தேதியைத் தேர்ந்தெடுத்தாள். மறுபடி எண்ணச் சொன்னாள். மெஷின் ஒரு நொடியில் எண்ணிவிட்டது.

அக்டோபர், ஒன்பது. நவம்பர், ஒன்று. டிசம்பரில் யாரும் இல்லை.

அனுப்பினாள்.

தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. போன மாதம் அனுப்பிய கணக்கிலும் அதே பெயர்தான்.