தம்பி போட்ட கோட்டு

வில்லியனூர் கொம்யூன் அலுவலகக் கூடத்தில் பழைய அணிவகுப்புப் படங்கள் தொங்குகின்றன. திறந்த ஜீப்பில் கும்பிட்டபடி தலைவர். பின்னால் பதக்கம் குத்திய முன்னாள் ராணுவத்தினர். ஜன்னல் வெயில் படங்களின் மேல் சாய்ந்து விழுகிறது. "அத்தா, இதோ நீ!" என்று மகள் ஃபைஜா ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். அப்துல் சமது மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிகிறார். கோட்டும் பதக்கமும் அவருடையவைதான். கோட்டின் கைதான் விரல்நுனி வரை தொங்குகிறது. அன்று அவர் காய்ச்சலில் கிடந்தார். அவருக்குப் பதிலாக நடந்தவன், உயரம் போதாதென்று பட்டாளத்திலிருந்து இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட தம்பி ஷேக் ஃபரீத். அவன் இறந்து இருபது வருஷமாகிறது. "பேரு இன்னா பெரியவரே?" படத்தின் கீழே எழுதப் பேனாவைத் திறக்கிறார் அலுவலர். "ஷேக் ஃபரீத்," என்கிறார் அப்துல் சமது. "பட்டாளத்துக்காரருன்னும் போடுப்பா."