ஜன்னலோர மேசை

வெள்ளிக்கிழமை மதியம் ஏரிக்கரை உணவகத்துக்குப் போனவர்கள் மூன்றே பேர்: பெரியவர், அவருடைய தம்பி, தம்பி மனைவி. தம்பி மகளைக் கட்டப்போகிறவரின் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக வருகிறார்கள். அவர்களை உட்கார வைக்கும் இடம் குடும்ப கௌரவத்துக்குக் குறைவாக இருக்கக் கூடாது என்று பெரியவர் தானே நேரில் பார்க்க வந்திருந்தார்.

"ஜன்னலோரமா பெரிய மேசை வேணும். ஏரி முழுசாத் தெரியணும்" என்றார்.

பரிமாறுபவர் சிரித்தார். "போன தடவை உக்காந்த மேசையே தர்றேங்கய்யா. இந்தத் தடவையாவது விருந்தாளிங்கள பாதியில எழுந்து போக விட்டுடாதீங்க."

"யாருய்யா வந்தா? நாங்க இந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்ததுகூட இல்ல!"

பரிமாறுபவர் உள்ளே போய் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்தார். "மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்க."

உடைந்த மூடியில் பச்சை நூல் சுற்றியிருந்தது. பெரியவர் சட்டைப்பையைத் தடவினார். அவருடைய கூடு அங்கேயே இருந்தது, அதே பச்சை நூலோடு.

"என்ன மாமா இது? நான் ஒண்ணுக்குத்தானே நூல் சுத்திக் குடுத்தேன்?" என்றாள் தம்பி மனைவி.

"பேசாம இரும்மா."

தம்பி, "வேற இடம் பாப்போம்ணே" என்று மெல்லச் சொன்னார். இப்போது பின்வாங்கினால் பரிமாறுபவர் சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பெரியவருக்குத் தோன்றியது. அந்த மேசைக்கே சொல்லிவிட்டு வந்தார்.

வீடு திரும்புவதற்குள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனில் அழைத்து விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள் என்பது பொய். அவர்கள் இன்னும் வரவே இல்லை.