பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம்

காலையிலிருந்து வாந்தி நிற்கவில்லை. தையல்காரர் தானே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” என்றார் டாக்டர்.

“காளான் வறுவல் சார். காட்டுல நானே பறிச்சது.”

“தண்டுல வளையம், அடியில பை மாதிரி ஏதாவது இருந்துச்சா?”

“மேலாகக் கிள்ளிட்டு வந்துட்டேன். அடியைப் பார்க்கலை.”

“மிச்சம் இருக்கா? எந்தக் காளான்னு தெரிஞ்சாகணும்.”

“வழிச்சுச் சாப்பிட்டுட்டேன்.”

“வேற யாராவது சாப்பிட்டாங்களா?”

தையல்காரர் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

“ஐயோ, பக்கத்து வீட்டு டீச்சரம்மா! ஒரு கிண்ணம் கொடுத்தேனே! என் சமையல்னா அவங்களுக்கு உசிரு. என்னை விடுங்க சார், முதல்ல அவங்களைப் பாருங்க!”

ஆம்புலன்ஸ் போய் டீச்சரம்மாவை அழைத்து வந்தது. அவர் நன்றாகத்தான் இருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்று அவர் டாக்டரிடம் தணிந்த குரலில் சொன்னது தையல்காரருக்குக் கேட்டது.

“நான் சாப்பிடலை டாக்டர். குப்பையில கொட்டிட்டேன். அவர் எது கொடுத்தாலும் அப்படித்தான். ‘ரொம்ப நல்லா இருந்துச்சு’ன்னு சொல்லி, கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துடுவேன். பாவம், மனசு நோகக் கூடாதில்ல?”

“நல்லதாப் போச்சும்மா! உடனே ஆள் அனுப்பி அந்தக் குப்பையை எடுத்துட்டு வரச் சொல்றேன்.”

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

“டீச்சருக்கு ஒண்ணும் ஆகலை. காளானும் கிடைச்சிடும். பிழைச்சுக்குவீங்க, கவலைப்படாதீங்க.”

“நல்லவேளை சார்” என்றார் தையல்காரர். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

உயிர் பயம் என்று நினைத்து, நர்ஸ் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.